சென்னை – லண்டன்: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 8,234 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 5,117, வேறோர் இடத்தில் 4,446. மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். நேரத்தைத் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். டிக்கெட்டில் காலை 5.30 புறப்பாடு, 10.55 வருகை என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐந்தரை மணி நேரத்தில் லண்டன் போய்விடலாம் என்று முதல்முறை பயணிப்பவர்கள் நினைப்பது சகஜம். உண்மையில் அது கிட்டத்தட்ட 11 மணி நேரப் பயணம்.

தூரம் என்பது வெறும் வடிவியல். பூமி உருண்டை, இரண்டு புள்ளிகள், ஒரு சூத்திரம்; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் அப்படியல்ல. காற்று, மூடிய வான்வெளிகள், ஓடுபாதை வரிசை, இரண்டு ஊர்களின் கடிகாரங்கள் என்று எல்லாம் அதில் கலந்திருக்கிறது. அதனால் முதலில் தூரத்தைச் சுத்தமாகக் கணக்கிட்டுவிட்டு, பிறகு இந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று வேண்டும். பெரும்பாலான போன்களில் கால்குலேட்டரைத் திறந்து போனைப் படுக்கவாட்டில் திருப்பினாலே அது வந்துவிடும்.

முதல் படி: எந்த விமான நிலையம், எந்தப் புள்ளி?

ஊர்ப் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தொடங்குங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. லண்டனில்தான் சிக்கல்: ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு நிலையங்கள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எல்.ஓ.என் என்ற குறியீடு நகரம் முழுமைக்குமானது. டிக்கெட் தேடும் தளங்கள் அதை எடுத்துக்கொண்டு எல்லா நிலையங்களையும் கலந்து காட்டும். ஹீத்ரோவின் குறியீடு எல்.எச்.ஆர். ஹீத்ரோவுக்கும் காட்விக்குக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. உண்டு. தூரக் கணக்கில் இது பெரிதல்ல. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் ஏற வேண்டிய டிக்கெட்டை வாங்கிவிட்டால் மிகப் பெரிது.

அடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதன் வளாகத்துக்குள் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. தூரம் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கப்படும். நம் கணக்குக்கு இந்த அளவு துல்லியம் போதும்:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45

தளத்துக்குத் தளம் இந்த எண்கள் கடைசி இலக்கத்தில் மாறும். அதனால் விடையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொருட்படுத்த வேண்டிய தவறுகள் இரண்டு. முதலாவது, பாகையும் (டிகிரி) கலையும் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு). சில இடங்களில் 12° 59′ என்று எழுதியிருப்பார்கள். அதை 12.59 என்று அப்படியே தட்டினால், நீங்கள் தொடங்கும் புள்ளி சென்னையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். கலையை 60-ஆல் வகுத்துத்தான் பாகையோடு கூட்ட வேண்டும்: 59 ÷ 60 = 0.98, ஆக 12.98.

இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. ஹீத்ரோ −0.45. குறியை மறந்தால் விடை ஏறத்தாழ 60 கி.மீ. குறையும், அவ்வளவுதான். இதே தவறை நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குச் செய்தால், அதன் −73.78 வெறும் 73.78 ஆகி, கிர்கிஸ்தானுக்குப் போய் நிற்பீர்கள். வந்த தூரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் முதலில் இந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: சூத்திரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் பகுதி. பூமியின் மையத்தின் வழியே இரண்டாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டம்தான் பெருவட்டம். பூமியின் மையத்தில் இந்த இரு ஊர்களும் அமைக்கும் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அதைத் தூரமாக மாற்றுவது ஒரே பெருக்கல்.

காஸ்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + காஸ்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீ)

அ1, அ2 என்பவை இரண்டு அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 80.17 − (−0.45) = 80.62.

தட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கால்குலேட்டரில் சைன் 30 எவ்வளவு என்று பாருங்கள். 0.5 வந்தால் கருவி பாகைக் கணக்கில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகக் கணக்கிடுபவர்கள் பலருக்கும் விடை தப்புவது இந்த இடத்தில்தான்.

சைன் 12.99 = 0.2248
சைன் 51.47 = 0.7823
காஸ் 12.99 = 0.9744
காஸ் 51.47 = 0.6229
காஸ் 80.62 = 0.1630

முதல் பகுதி: 0.2248 × 0.7823 = 0.1759
இரண்டாம் பகுதி: 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989
கூட்டினால் 0.2748

இப்போது தலைகீழ் காஸ் பொத்தானை அழுத்துங்கள்: 74.05 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 111.19 கி.மீ. (சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் கிடைப்பது.) 74.05 × 111.19 = ஏறத்தாழ 8,234 கி.மீ. இதை 1.609-ஆல் வகுத்தால் மைல், 1.852-ஆல் வகுத்தால் கடல் மைல்.

பூமி முழு உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. ஆகவே உருண்டைக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம். பயணத்துக்கு அது தேவையில்லாத துல்லியம். விடையைச் சரிபார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் இடையில் ஒரு கோடு போட்டுத் தட்டிப் பாருங்கள். கோடும் வரைந்து, தூரமும் தரும்.

மூன்றாம் படி: அந்தக் கோடு எங்கே போகிறது?

சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுகிய வழியல்ல. மெர்கேட்டர் வரைபடத்தில் அப்படிப் போட்ட கோட்டின் வழியே பறந்தால் 8,234-க்குப் பதில் ஏறத்தாழ 8,475 கி.மீ. ஆகும். காரணம் இதுதான்: சென்னையின் அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது 108 கி.மீ.; லண்டனின் அட்சரேகையில் அதே ஒரு பாகை 69 கி.மீ.தான். வரைபடமோ இரண்டையும் ஒரே அகலத்தில் காட்டுகிறது. வடக்கே போகப் போக மேற்கு நோக்கி நகர்வது மலிவாகிறது. அதனால் குறுகிய பாதை முதலில் வடக்கே ஏறி, பிறகு மேற்கே சாய்கிறது.

எண்ணில் சொன்னால், சென்னையிலிருந்து கிளம்பும்போது திசை (வடக்கை 0 என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் எண்ணினால்) ஏறத்தாழ 320 பாகை, அதாவது வடமேற்கு. லண்டனை நெருங்கும்போது அதே கோடு 269 பாகையில், கிட்டத்தட்ட நேர் மேற்காகப் போய்க்கொண்டிருக்கும். திரும்பி வரும் விமானம் ஹீத்ரோவிலிருந்து நேர் கிழக்கே கிளம்ப வேண்டும் என்றால் பலர் நம்புவதில்லை. சென்னை அங்கிருந்து தென்கிழக்கில் அல்லவா இருக்கிறது என்பார்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் பொய் சொல்லாது.

அந்த நூலின் கீழே என்னென்ன இருக்கின்றன? கால்வாசித் தூரத்தில் பாகிஸ்தானின் பலுசிஸ்தான். பிறகு ஈரான். சரியாகப் பாதி வழியில், பாக்கு நகருக்குத் தெற்கே காஸ்பியன் கடல். அதற்கு அப்பால் ரஷ்யாவின் வடக்கு காகசஸ், பிறகு உக்ரைன். முக்கால்வாசித் தூரத்தில் மால்டோவா–உக்ரைன் எல்லை. அதற்குப் பிறகு மத்திய ஐரோப்பா.

இந்தப் பட்டியலைப் படித்ததுமே அடுத்த படி என்ன என்று புரிந்திருக்கும்.

நான்காம் படி: உண்மையில் பறக்கும் பாதை

உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை அதற்கு அடுத்த நாளே மூடியது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடி, பிறகு மாதக் கணக்கில் அதை நீட்டித்துக்கொண்டே வந்தது. இந்தத் தடை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இல்லை. ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு நேரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரான், ஈராக் மேலே பதற்றம் கூடும் நாள்களில் பல நிறுவனங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

வடமேற்கே கிளம்பியதும் பாகிஸ்தானைச் சந்திக்கும் டெல்லி விமானங்களை இந்தத் தடை கடுமையாகப் பாதிக்கிறது. சென்னைக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. தீபகற்பத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கி, ஓமன், சவூதி, எகிப்து, மத்தியதரைக் கடல் வழியாக வளைந்து போக இடமிருக்கிறது. இன்னொரு வழி, காஸ்பியன், அஜர்பைஜான், ஜார்ஜியா, கருங்கடல், துருக்கி என்று உக்ரைனுக்குத் தெற்கே ஒதுங்கிப் போவது.

அரசியல் இல்லாவிட்டாலும் விமானம் கணிதக் கோட்டின் மேல் அப்படியே பறப்பதில்லை. புறப்படும்போது ஓடுபாதையின் திசையில் கிளம்பித் திரும்ப வேண்டும். வான்வழிப் புள்ளிகளை வரிசையாகத் தொட்டுப் போக வேண்டும். புயல் மேகம் இருந்தால் சுற்ற வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துப் பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய தடைகள் இருக்கும் காலத்தில் 8 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம். நம் கணக்குக்கு 5 சதவீதம்: 8,234 × 1.05 = ஏறத்தாழ 8,650 கி.மீ.

ஐந்தாம் படி: வேகமும் காற்றும்

இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 787 போன்ற விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் செல்பவை. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சராசரியாக −56 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியே மணிக்கு 1,062 கி.மீ. வேகத்தில்தான் போகும். 0.85-ஆல் பெருக்கினால் 903. ஆக மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

இது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்த வேகம் அல்ல. நீங்கள் ஓர் ஆற்றில் படகு ஓட்டினால் நீரோட்டத்தோடு போவதும் எதிர்த்து வருவதும் வேறு வேறு அல்லவா? அதேதான் இங்கும். 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியா, மேற்கு ஆசியா மேலே அதன் மையத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வேகம் இருக்கும். இருக்கையின் முன்திரையில் தரை வேகம் 1,050 என்று காட்டினால் விமானி அவசரப்படுகிறார் என்று அர்த்தமில்லை, பின்காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான்.

முழுப் பாதைக்கும் சராசரி எடுத்தால் விளைவு குறையும். சில இடத்தில் காற்று குறுக்கே வீசும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. தோராயக் கணக்குக்கு ஆண்டுச் சராசரியாக 50 கி.மீ., டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 80 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்த வெப்பமண்டல ஓரத்து ஜெட் காற்று இமயமலைக்கு வடக்கே விலகிவிடும். தென்னிந்தியாவுக்கு மேல், விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று உருவாகும். அதனால் ஜூலை, ஆகஸ்டில் லண்டன் போகும் பயணத்துக்கு எதிர்க்காற்றின் தொல்லை குறைவு.

சென்னையிலிருந்து லண்டன் (எதிர்க்காற்று): 8,650 ÷ 850 = 10.18 மணி. இந்தத் தசமத்தை 10 மணி 18 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள், 0.18 × 60 = 11 நிமிடம். ஆக 10 மணி 11 நிமிடம்.

லண்டனிலிருந்து சென்னை (பின்காற்று): 8,650 ÷ 950 = 9.11 மணி. 9 மணி 6 நிமிடம்.

போகும்போது இழந்ததை வரும்போது அப்படியே திரும்பப் பெறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். காற்றே இல்லாவிட்டால் இரண்டு பயணமும் சேர்ந்து 19 மணி 13 நிமிடம்; காற்றோடு 19 மணி 17 நிமிடம். எதிர்க்காற்றில் கழிக்கும் நேரம் நீளம் என்பதால் இழப்பு எப்போதும் ஒரு கை அதிகம்தான்.

ஆறாம் படி: வாயிலிலிருந்து வாயில் வரை

மேலே கிடைத்தது உயரத்தில் சீராகப் பறந்தால் ஆகும் நேரம். டிக்கெட்டில் அச்சிடுவது வேறு. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, சென்று சேர்ந்த இடத்தில் கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம் அது. இடையில் இவை சேரும்:

மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு: 15 நிமிடம்
வாயிலிலிருந்து ஓடுபாதை வரை: 20 நிமிடம்
இறங்கிய பின் வாயில் வரை: 10 நிமிடம்

மொத்தம் 45 நிமிடம். ஆக சென்னை – லண்டன் 10 மணி 55 நிமிடம். லண்டன் – சென்னை 9 மணி 50 நிமிடம். நிறுவனங்கள் கால அட்டவணையில் காட்டும் நேரம் இதற்கு 15, 20 நிமிடம் இப்படியோ அப்படியோ இருக்கும்.

ஹீத்ரோவுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. நெரிசல் நேரத்தில் விமானங்கள் உடனே இறங்குவதில்லை. போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களுக்கு மேல் அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்று ஏறத்தாழ 4 நிமிடம். மூன்று சுற்று சுற்றினால் 12 நிமிடம் போச்சு. திரையில் லண்டன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்க, விமானம் முட்டை வடிவத்தில் வட்டமடித்தால் அது கோளாறு அல்ல, வரிசை. அட்டவணை போடுபவர்கள் இதை எதிர்பார்த்தே சில நிமிடங்களைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதன் காரணமும் பெரும்பாலும் இந்த மறைந்த நிமிடங்கள்தான்.

கணக்கை உண்மையோடு ஒப்பிட ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு, கடந்த ஏழு நாள்கள் அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அங்கே காட்டுவது பெரும்பாலும் தரையை விட்டு எழுந்து தரையைத் தொடும் வரையிலான நேரம். டிக்கெட் நேரத்தைவிட அது அரை மணி குறைவாக இருப்பது இயல்பு.

ஏழாம் படி: இரண்டு ஊர்க் கடிகாரங்கள்

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால், ஆண்டு முழுவதும். லண்டன் நேரம் குளிர்காலத்தில் பொது நேரமேதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னால். 2026-இல் அந்த ஞாயிறுகள் மார்ச் 29, அக்டோபர் 25. எனவே நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி.

மனக்கணக்காக நேரடியாகக் கூட்டிக் கழித்தால் தப்பும். எப்போதும் பொது நேரத்தின் வழியே போங்கள்:

ஜனவரியில் சென்னையில் காலை 5.30 புறப்பாடு. ஐந்தரை மணியைக் கழித்தால் பொது நேரம் 00.00. பயணம் 10.55. சேரும்போது பொது நேரம் 10.55. லண்டனிலும் அதுவே: காலை 10.55. ஜூலையில் அதே விமானம் ஒரு மணி கூட்டி 11.55.

திரும்பும்போது ஜனவரியில் லண்டனில் பகல் 1.00 புறப்பாடு. பொது நேரமும் 13.00. 9.50 கூட்டினால் 22.50. அதோடு ஐந்தரை மணி கூட்டினால் மறுநாள் அதிகாலை 4.20. டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருப்பது இந்த மறுநாளைத்தான் சொல்கிறது.

எந்தச் சூத்திரமும் இல்லாமல் கால அட்டவணையை மட்டும் வைத்துப் பயண நேரத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. போகும் பயணத்தில் கடிகாரம் காட்டும் வித்தியாசம் 5 மணி 25 நிமிடம். வரும் பயணத்தில் 15 மணி 20 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 20 மணி 45 நிமிடம். பாதி, 10 மணி 22 நிமிடம். நேர மண்டல வித்தியாசம் ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் தானாக நீங்கிவிடுகிறது. உலகத்தின் எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும். இரண்டு பயணமும் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும், அது மட்டுமே நிபந்தனை.

நள்ளிரவு விமானங்களில் ஆண்டுதோறும் ஆள்கள் ஏமாறுவது தேதியில். 15-ஆம் தேதி 00.10 புறப்பாடு என்றால் 14-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் "14 இரவு கிளம்பணும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

துபாய் வழியாகப் போனால்?

நடுவில் இறங்கிப் போனால் தூரம் மிகவும் கூடும் என்று ஒரு பொது நம்பிக்கை உண்டு. அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சென்னை – துபாய் ஏறத்தாழ 2,933 கி.மீ., துபாய் – ஹீத்ரோ ஏறத்தாழ 5,497 கி.மீ., மொத்தம் 8,430. நேர் பாதையைவிடக் கூடுதல் 200 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. வானத்தில் அது பதினைந்து நிமிடம்கூட இல்லை. நேரம் கூடுவது தரையில்தான்: இரண்டு முறை ஏறி இறங்கும் 45 நிமிடங்கள், நடுவில் காத்திருக்கும் இரண்டு முதல் நான்கு மணி. மொத்தம் 14, 15 மணி நேரத்துக்குக் குறையாது.

டிக்கெட் வாங்கும்போது "டைரக்ட்" என்பதும் "நான்-ஸ்டாப்" என்பதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். டைரக்ட் விமானம் ஒரே எண்ணோடு நடுவில் எங்காவது இறங்கி ஏறலாம். நான்-ஸ்டாப் எங்கும் இறங்காது. மொத்தப் பயண நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நம் கணக்கைவிட இரண்டு மணிக்கு மேல் கூடுதலாக இருந்தால் நடுவில் ஒரு நிறுத்தம் ஒளிந்திருக்கிறது.

இந்த எண் வேறு எங்கே உதவும்?

தாமத இழப்பீட்டில். பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனத்தில் பிரிட்டனுக்கு வரும் விமானத்துக்கும் அந்நாட்டுச் சட்டம் இழப்பீட்டைத் தூரத்தை வைத்துத்தான் வரையறுக்கிறது. சுற்றிப் பறந்த தூரம் அதில் கணக்கில் வராது, பெருவட்டத் தூரம்தான் வரும். 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில், நிறுவனத்தின் கைக்குள் இருந்த காரணத்தால் நான்கு மணிக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் ஒருவருக்கு 520 பவுண்ட். மூன்று முதல் நான்கு மணி என்றால் 260. சென்னை – லண்டன் தெளிவாக இந்த வரம்புக்குள் வருகிறது. தாமதம் அளக்கப்படுவது சேரும் இடத்தில் விமானக் கதவு திறந்த நேரத்தை வைத்து என்பதால் அந்த நிமிடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மோசமான வானிலை, வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆனால் சாப்பாடும் இரவு தங்குமிடமும் அப்போதும் அவர்கள் பொறுப்புதான்.

வேறு ஊர்களுக்கு

முறை ஒன்றேதான்: பெருவட்டத் தூரம், அதோடு 5 சதவீதம், 900-ஆல் வகுத்தல், 45 நிமிடம் கூட்டல். கிழக்கு மேற்காக நீண்ட பயணம் என்றால் மட்டும் காற்றுக்குத் திருத்தம்.

சென்னை – கொழும்பு ஏறத்தாழ 650 கி.மீ. கணக்கு ஒன்றரை மணி என்கிறது. அதில் பாதி தரையிலும் ஏற்ற இறக்கத்திலும் போய்விடுகிறது. குறுகிய பயணங்களில் தூரத்துக்கு மதிப்பு குறைவு.

சென்னை – சிங்கப்பூர் 2,925 கி.மீ., கணக்குப்படி 4 மணி 10 நிமிடம். துபாய்த் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பெரிய இணைப்பு நிலையங்களுக்கும் சரியாக நடுவில் நம் ஊர் இருக்கிறது.

நீளத்தின் உச்சத்தில் சிங்கப்பூர் – நியூயார்க் கென்னடி, ஏறத்தாழ 15,350 கி.மீ. கணக்கு 18 மணி 40 நிமிடம் தருகிறது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அட்டவணையும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. இந்தத் தடத்தில் குறுகிய கோடு வட துருவத்தின் பக்கம் போகிறது. ஆனாலும் நியூயார்க் போகும் விமானம் பசிபிக் மேல் ஜெட் காற்றோட்டத்தைப் பிடித்து, அதிகத் தூரம் சுற்றிப் போவது வழக்கம். ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தாலும், மணிக்கு 80 கி.மீ. பின்காற்று முழுதும் கிடைத்தால் அந்தக் கூடுதல் தூரத்துக்கான நேரம் ஈடாகிவிடும். 5 சதவீதம் சேர்த்தால் தூரம் 16,100 கி.மீ., ஆயிரம் கூட்டினால் 17,100; 17,100-ஐ 980-ஆல் வகுத்து, 16,100-ஐ 900-ஆல் வகுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: முதலாவது 17.4 மணி, இரண்டாவது 17.9.